முதுகில் திறக்கும் கோட்டு

போன வாரம் தொலைபேசியைக் கீழே வைத்தபோது வாடகை ராஜா விட்ட பெருமூச்சில், கடைக் கொடியில் தொங்கிய தேவதைச் சிறகு ஆடி அரை இறகு உதிர்ந்தது.

பெருமூச்சுக்குக் காரணம் இருந்தது. நகரத்து மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருக்கும் ஒரே மகள், அங்கேயே நர்ஸாக இருக்கும் பையனைக் கட்டிக்கொள்வதென்று முடிவு செய்துவிட்டாள். பையனின் அம்மா ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அவர் போனில், "நீங்க என்ன தொழில் பண்றீங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். இவர் வாயிலிருந்து "ஜவுளிங்க" என்று வந்துவிட்டது.

பொய் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. வீட்டின் முன்பக்கத்துக் கடை நிறையத் துணிதான். ராஜா உடுப்பு, போலீஸ் உடுப்பு, நீதிபதி அங்கி, சிங்கத்தின் தோல், அதன் வால் தனியாக. பள்ளிக்கூட விழாவுக்கும் நாடகக்காரர்களுக்கும் வாடகைக்குப் போய், மறுநாள் வியர்வையோடு வீடு திரும்பும் துணி. தெருவில் அவருக்கு வாடகை ராஜா என்று பெயர் வந்தது அதனால்தான். அந்தப் பெயர் அவருக்குப் பிடிக்காது. ஆனால் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

இன்று அந்தத் தலைமையாசிரியை வீட்டுக்கு முதன்முதலாகப் போகும் நாள்.

மகள் போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

"அப்பா, இங்க குளிரை நம்ப முடியாது. காலைல உறையுது, மத்தியானம் வேகுது, நடுவுல மழை வேற. உள்ள ஒண்ணு, நடுவுல ஒண்ணு, மேல ஒண்ணுன்னு அடுக்கடுக்கா போட்டுட்டு வாங்க. வேணாம்னா ஒவ்வொண்ணா கழட்டிக்கலாம்."

"சரிம்மா."

"இன்னொண்ணு. கடையிலேர்ந்து எதையும் எடுத்துட்டு வராதீங்க."

"சரிம்மா" என்றார் இவர். அவள் சொன்ன அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் முள்ளாகத் தைத்தது. பெண்ணுக்கும் இந்தக் கடையைச் சொல்ல வாய் கூசுகிறது என்று அவராக முடிவு கட்டிக்கொண்டார்.

அவள் சொன்ன குளிர் பொய்யில்லை. இவர்கள் ஊரிலேயே அந்த வாரம் பக்கத்து வீட்டம்மா காயப்போட்ட துண்டு காலையில் பலகையாக விறைத்தது. மத்தியானம் மொடமொடவென்று காய்ந்தது. மழையில் மறுபடி தொப்பலாக நனைந்தது. அந்தம்மா அதைத் துவைத்தோமா இல்லையா என்றே குழம்பி, மறுபடி சோப்புப் போட்டார். துண்டு பாதியாகக் கரைந்ததுதான் மிச்சம்.

அதனால் வாடகை ராஜாவின் மனைவி, விடிந்ததும் பையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கடையின் உடுப்புகளையெல்லாம் தைப்பவள் அவள்தான். சால்வை, காது மூடும் குல்லா, குடை, நனைந்தால் மாற்றச் சாக்ஸ், ஈரத்தைச் சுற்றிவைக்கப் பிளாஸ்டிக் கவர். எல்லாவற்றுக்கும் மேலே கணவனின் சாம்பல் நிற ஸ்வெட்டர்.

"அதை ஏன் வைக்கிற?"

"குளிருக்கு ஸ்வெட்டர் வைக்காம, குதிரைச் சேணமா வைப்பாங்க?"

"முழங்கை கிழிஞ்சிருக்கு."

"முழங்கைக்கு யாரு வணக்கம் சொல்லப் போறாங்க? உடம்புக்கு நல்லாத்தானே இருக்கு."

"பை நிறைய அடைச்சுக்கிட்டுப் போனா, குடித்தனம் வர்றாங்கன்னு பயந்துடுவாங்க."

"பயப்படட்டும். ஜன்னி கண்டு படுத்தா அவங்கதான் பார்த்துக்கணும், அதுக்கு இது மேல்" என்று சொல்லிவிட்டு அவள் குளிக்கப் போனாள்.

தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் ராஜா ஸ்வெட்டரை உருவி, நீதிபதி அங்கிக்குள் திணித்தார். பிறகு கடைக் கோடியில் உறைக்குள் தொங்கிய அந்த உடுப்பைக் கழற்றினார்.

அதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஒரே நடிகர் முதலாளியாகவும் வேலைக்காரனாகவும் வந்த ஒரு நாடகத்துக்காகத் தைத்தது அது. முதலாளி இந்தக் கதவால் உள்ளே போனால், பார்ப்பவர்கள் தும்மி முடிப்பதற்குள் வேலைக்காரன் அந்தக் கதவால் வந்தாக வேண்டும். அதற்காக ராஜாவின் மனைவி கோட்டு, அதற்குள் ஸ்வெட்டர், அதற்குள் சட்டை, டை எல்லாவற்றையும் முன்பக்கம் மட்டும் வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று வைத்து, ஒரே உடுப்பாகத் தைத்திருந்தாள். பொத்தான்கள் திறக்காது, ஒப்புக்கு இருந்தன. முதுகில் கழுத்திலிருந்து கீழ்வரை நீளமாக வெல்க்ரோ ஒட்டுப்பட்டை. பின்னாலிருந்து ஒரே இழுப்பு; முதலாளி மொத்தமாகக் கழன்று முன்னால் விழுந்துவிடுவார்.

பார்வைக்கு அவ்வளவு கம்பீரம். மகள் கேட்ட அடுக்கும் இருந்தது. உள்ளே ஒன்று, நடுவில் ஒன்று, மேலே ஒன்று.

ஒரே சங்கடம், உள்ளே இன்னொரு சட்டை போட்டால் காலர் முட்டும். ஆகவே பனியன்மேல் போட்டுக்கொண்டார். இன்னொரு சங்கடம், தன் முதுகைத் தானே ஒட்டிக்கொள்ள யாராலும் முடியாது. ஆகவே மனைவி வரும்வரை கதவுப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அவள் வந்தாள். தலையைத் துவட்டிய கை நின்றது.

"அவ என்ன சொன்னா?"

"எடுத்துட்டு வராதேன்னா. நான் எங்க எடுத்துட்டுப் போறேன்? போட்டுக்கிட்டுல்ல போறேன்."

"இது கைதட்டலுக்குத் தைச்சதுங்க. காத்துக்குத் தைச்சதில்ல."

"ஒட்டு."

"சொல்றதைக் கேளுங்க."

"முதல் தடவை போறோம். உன் புருஷன் பஞ்சப் பரதேசி மாதிரி போய் நிக்கணுமா?"

அவள் ஒட்டினாள். ஒட்டியபோது, தான் போட்ட தையல் எவ்வளவு நேராக வந்திருக்கிறது என்று ஒரு விநாடி பார்த்துக்கொண்டாள். அந்த ஒரு விநாடிப் பெருமையில்தான் மேற்கொண்டு சண்டை போடாமல் விட்டாள்.

பஸ்ஸில் எல்லாரும் அவரை சார் என்றார்கள். கண்டக்டர் சில்லறை கேட்கவே பயந்தார். ஆனால் குளிருக்கு மரியாதை தெரியாதே. முதுகுப் பிளவு வழியாக உள்ளே புகுந்து, நெஞ்சுவரை வந்து, திரும்பிப் போக வழி தெரியாமல் அங்கேயே தங்கிவிட்டது. ராஜாவின் பற்கள் அடித்துக்கொண்ட சத்தத்தில், வண்டியில் ஏதோ நட்டுக் கழன்றுவிட்டதென்று டிரைவர் ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தார்.

"சால்வையைப் போர்த்துக்குங்க."

"கோட்டு மறைஞ்சுடும்."

"ஆளே மறைஞ்சுடப் போறீங்க."

நகரத்தில் இறங்கியதும் மழை. அந்தத் தெருவுக்குள் திரும்பியதும் பளீரென்று வெயில். மாடி ஏறி மணியடித்தபோது கதவைத் திறந்தது மகள்தான். கோட்டைப் பார்த்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"வாங்கப்பா" என்றாள், அவ்வளவுதான்.

அடையாளம் தெரியவில்லை போலிருக்கிறது என்று ராஜாவுக்கு நிம்மதி. ஆளைப் பார்த்தாலே எலும்பைச் சொல்லிவிடும் பெண் என்பது அந்த நேரம் மறந்துபோயிற்று.

கூடம் சின்னது, சுத்தமானது. மூலையில் ஹீட்டர் சிவந்து எரிந்தது. கண்ணாடி ஜன்னல் வழியாக வெயில் நேராக ஒரு நாற்காலியின்மேல் விழுந்தது. இருப்பதிலேயே நல்ல நாற்காலி அது. அதில் அவரை உட்கார வைத்தார்கள்.

"கோட்டைக் கழட்டிக் குடுங்க, மாட்டி வைக்கறேன். உள்ள ரொம்பப் புழுங்கும்" என்றார் தலைமையாசிரியை.

"இருக்கட்டுங்க. பழக்கம்."

மனைவி தன் சால்வையை, மேல் ஸ்வெட்டரை, உள் ஸ்வெட்டரை ஒவ்வொன்றாகக் கழற்றி மகளிடம் கொடுத்தாள். சொன்னபடி நடந்துகொண்ட ஒரே ஆள்.

"பயணம் சௌகரியமா இருந்ததா சார்?" என்று பையன் சூடாக சூப்பு கொண்டுவந்து வைத்தான். ராஜா அதையும் குடித்தார்.

"ஜவுளின்னு சொன்னீங்களே. கம்பளி எல்லாம் வெச்சிருக்கீங்களா?" என்றார் தலைமையாசிரியை, பேச்சை வளர்க்க.

"எல்லாம் உண்டுங்க. பட்டு, பருத்தி, கம்பளி. வெளியூர்லேர்ந்தெல்லாம் வருவாங்க."

"இந்தக் கோட்டு உங்க கடைதானா?"

"சேச்சே. இது என் தம்பி வெளிநாட்டுலேர்ந்து அனுப்பினது."

அவருக்குத் தம்பி கிடையாது. மனைவி சூப்புக் கிண்ணத்துக்குள் பார்த்தாள். பையன் தரையைப் பார்த்தான். மகள் எழுந்துபோய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு வந்தாள். அப்பாவின் மேலிருந்த வெயில் பாதி குறைந்தது. அது எதற்காக என்று அவர் யோசித்திருக்கலாம்.

உடம்பில் அதற்குள் வெள்ளம் புறப்பட்டுவிட்டது. நெற்றியில் தொடங்கியது, காதோரம் இறங்கி, பனியனைத் தாண்டி, சாக்ஸில் வந்து தேங்கியது. கொஞ்ச நேரம் விட்டிருந்தால் அதில் மீன் விட்டிருக்கலாம். காலர் கழுத்தைப் பிடித்தது. கூடம் ஒருதரம் சுற்றி நின்றது.

பையன் நர்ஸ் அல்லவா? கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்துவிட்டான்.

"சார், என்ன பண்ணுது? நெஞ்சு வலிக்குதா?"

"ஒண்ணுமில்ல... ஒண்ணுமில்ல..."

"மாமா, பேசாதீங்க. சாஞ்சுக்குங்க." மாமா என்று அவன் முதன்முதலாகக் கூப்பிட்டது அப்போதுதான். டையைத் தளர்த்தினான். தளரவில்லை. பொத்தானைக் கழற்றினான். கழலவில்லை. கோட்டைப் பிரித்தான், ஸ்வெட்டரும் சேர்ந்து வந்தது. ஸ்வெட்டரைத் தூக்கினான், சட்டையும் சேர்ந்து எழுந்தது. பாவம், எத்தனையோ நோயாளிகளைப் பார்த்தவன், இப்படி ஒரு நோயைப் பார்த்ததில்லை.

"அம்மா, கத்திரிக்கோல் குடுங்க!"

"வேண்டாம்" என்றாள் மகள், மெதுவாக. "பின்பக்கம் திறக்கணும்."

அப்பாவின் பின்னால் வந்து நின்றாள். அவர் தோளை ஒருகணம் பிடித்தாள். பிறகு இழுத்தாள்.

நாடகக் கொட்டகையில் வெல்க்ரோ பிரியும் சத்தம் மேளத்தில் அமுங்கிப்போகும். இங்கே அமுக்க ஒன்றும் இல்லை. கோட்டும் ஸ்வெட்டரும் சட்டையும் டையும் ஒரே குடும்பமாக அவர் மடியில் வந்து விழுந்தன. உள்ளே பனியன். அதிலும் ஒரு ஓட்டை.

யாரும் சிரிக்கவில்லை. யாராவது சிரித்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். தலைமையாசிரியை சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "வெயில் நல்லா வந்துடுச்சு" என்றார். அந்த மரியாதைதான் ராஜாவைத் தோலோடு உரித்தது.

பையன் தன் அறைக்கு அழைத்துப்போய், நாடி பார்த்து, தண்ணீர் கொடுத்து, தன் ஸ்வெட்டர் ஒன்றை வைத்துவிட்டு வெளியே போனான். ஸ்வெட்டர் பெரியது. கைவிரல்கள் உள்ளேயே தங்கிவிட்டன. நல்லதாகப் போயிற்று, அவருக்குத் தன் கைகளைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மகள் வந்து கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்தாள்.

"இப்ப எப்படிப்பா இருக்கு?"

"ஏம்மா... உனக்குப் பெரிய தலைகுனிவாப் போச்சு."

"ஆமா."

இல்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்திருந்தார்.

"ஜவுளின்னு சொன்னதைக் காப்பாத்தணுமேன்னுதான்..." என்று இழுத்தார்.

"யாருகிட்டப்பா காப்பாத்தறீங்க? அவங்களுக்கு எப்பவோ தெரியும். முதல் நாளே நான் சொல்லிட்டேன். எங்கப்பா நாடக உடுப்புக் கடை வெச்சிருக்காரு, எங்கம்மா தைப்பாங்க, சிங்கத்துக்கு வால் தனியா இருக்கும்னு. கேட்டுக் கேட்டுச் சிரிப்பாங்க. கடையைப் பார்க்கணும்னு அத்தைக்கு அவ்வளவு ஆசை. அதை வெச்சுத்தான் போன்ல பேச்சை ஆரம்பிச்சாங்க. நீங்க ஜவுளின்னதும், அவருக்குச் சொல்லப் பிடிக்கல போல, நாம அதைக் கிளற வேண்டாம்னு விட்டுட்டாங்க."

ராஜாவுக்குக் காது இரண்டும் எரிந்தன. பட்டு, பருத்தி, கம்பளி. வெளிநாட்டுத் தம்பி. இத்தனையையும் தெரிந்துகொண்டே, ஒரு சுருக்கம்கூட முகத்தில் காட்டாமல் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

"நீதானேம்மா, கடையிலேர்ந்து எதுவும் எடுத்துட்டு வராதேன்னு சொன்னே?"

"குளிருக்குச் சொன்னேன்பா! அதுல எதுவாவது சூடு குடுக்குமா? தேவதை வேஷத்துல நடுங்கி நடுங்கி ஜுரத்துல விழுந்தவ நான். எனக்குத் தெரியாதா?" நிறுத்தினாள். "நான் வெட்கப்படறேன்னு நினைச்சீங்களா?"

அவர் ஸ்வெட்டர் கையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இன்னைக்கு வரைக்கும் இல்லப்பா" என்று எழுந்துபோனாள்.

கொஞ்ச நேரம் கழித்து ராஜா எழுந்தார். போய் உண்மையைச் சொல்லிவிடுவதென்று மனதைத் திடப்படுத்திக்கொண்டார். 'அம்மா, மன்னிக்கணும், எனக்கு ஜவுளிக்கடை கிடையாது.' ஒரு வாக்கியம். மகளுக்காக இதைக்கூடச் சொல்ல மாட்டாரா?

கூடத்தில் சாப்பாட்டு மேஜைமேல் உடுப்பு விரிந்து கிடந்தது. பக்கத்தில் அவர் மனைவியும் தலைமையாசிரியையும் தலையோடு தலை முட்டக் குனிந்திருந்தார்கள்.

"அப்ப டையும் இதோடவே வந்துடுமா சம்பந்தி?"

"எல்லாம் வந்துடும். இந்த ஓரத்துல மட்டும் தையலை ரெட்டையா ஓட்டணும். இல்லேன்னா இழுக்கறப்ப முதலாளி பாதி இங்க, பாதி அங்கன்னு ஆயிடுவாரு."

"அடேயப்பா! இதெல்லாம் உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்லீங்க. கிழிஞ்சு கிழிஞ்சு தெரிஞ்சுகிட்டதுதான்."

அவர் மனைவி அப்படிச் சிரித்து வெகுநாள் ஆயிற்று. ராஜாவின் காலடி கேட்டதும் தலைமையாசிரியை நிமிர்ந்தார். மேஜை விரிப்பின் ஓரத்தை எடுத்து, ஒன்றும் அவசரமில்லாதது போல, உடுப்பின்மேல் மூடினார். அவருக்காக.

"உக்காருங்க. இப்ப தேவலாமா? ஜவுளி வியாபாரம்னா அலைச்சல் இருக்கத்தானே செய்யும். அதான் தலை சுத்திருக்கு."

வாசல் திறந்தே இருந்தது. இல்லை என்று சொன்னால் போதும். எல்லாரும் காத்திருந்தார்கள். மகள் கதவோரம் நின்று அப்பாவின் வாயையே பார்த்தாள்.

ராஜா வாயைத் திறந்தார்.

"ஆமாங்க" என்றார். "சீசன் நேரம்."

மேஜைமேல் இருந்த மனைவியின் கை, விரிப்பிலிருந்து மெதுவாக விலகி மடிக்குப் போயிற்று. அதைப் பார்த்த பிறகுதான், தான் மறைத்தது கடையை மட்டுமல்ல என்பது அவருக்கு உறைத்தது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

சாப்பாடு முடிந்தது. என்ன சாப்பிட்டார் என்று அவரைக் கேட்டால் தெரியாது. கிளம்புகிற நேரத்தில் மனைவி எழுந்திருக்கவில்லை.

"நீங்க போங்க. நான் இவகூட இருந்துட்டு, அப்புறம் வர்றேன்."

"எப்ப?"

"வர்றப்ப சொல்றேன்."

மகள் மட்டும் பஸ் நிறுத்தம்வரை வந்தாள். மறுபடி தூறல். ஒரு குடைக்குள் இரண்டு பேரும் நடந்தார்கள். ஆனாலும் இரண்டு பேரின் வெளித் தோளும் நனைந்தது.

"தேதி ஒண்ணும் பேசலியே" என்றார் ராஜா.

"பேசியாச்சுப்பா."

"எப்ப?"

"நீங்க உள்ள படுத்திருந்தப்ப. அம்மா பேசினாங்க. ஞாயித்துக்கிழமை எல்லாரும் அங்க வர்றோம். கடையில உக்காந்து நாள் குறிக்கறோம். அத்தைதான் கேட்டாங்க."

"கடையிலயா?"

"கடையிலதான். அம்மா அவங்களோட சேர்ந்து வருவாங்க." பஸ் வந்துவிட்டது. "அன்னைக்காவது நீங்களா சொல்லுங்கப்பா. அவங்க ரெண்டு பேருக்கும் வேண்டாம், அம்மாவுக்காக."

ராஜா தலையாட்டினார். ஏறி உட்கார்ந்தார். அவள் குடையோடு நின்றது வளைவுவரை தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்று, கையைக் கூப்பி, இதுதாங்க என் கடை என்று சொல்லிவிட வேண்டும். இன்றைய கேவலத்துக்கு அது ஒன்றுதான் மருந்து. ஸ்வெட்டர் கைக்குள் விரல்களை மடக்கிக்கொண்டு அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். மூன்றாவது நிறுத்தம் தாண்டுவதற்குள் அது கொஞ்சம் வாய்க்குள் பழகியும்விட்டது.

அப்போது கைபேசி அடித்தது. தெருமுனைப் பெயிண்டர்.

இந்தப் பெயிண்டர் விஷயத்தை ராஜா யாரிடமும் சொல்லவில்லை. தொலைபேசியில் ஜவுளி என்று சொன்ன மறுநாளே, கடைப் பலகையைக் கழற்றி அவனிடம் கொடுத்திருந்தார். மனைவியிடம், மழையில் எழுத்து உதிர்கிறது, புதுப்பிக்கக் கொடுத்தேன் என்று சொல்லிவைத்திருந்தார். ஆனால் பெயிண்டரிடம் எழுதச் சொன்னது வேறு. பிறந்ததிலிருந்து எந்த வேலையையும் சொன்ன நாளில் முடிக்காதவன் அவன். அவனுக்குக் கல்யாணம்கூடத் தள்ளிப்போய்த்தான் நடந்தது. நேராகப் போய்ப் பலகையைத் திருப்பி வாங்கிவிடலாம் என்று ராஜா அவசரமாக எடுத்தார்.

"தம்பி, அந்தப் போர்டுல கை வெச்சுடாதே. நான் வந்துக்கிட்டே இருக்கேன்."

"என்னண்ணே, எப்பவும் லேட்டு லேட்டுன்னு திட்டுவீங்களேன்னு, ராத்திரி கண்ணு முழிச்சு முடிச்சுட்டேன்! ராஜா ஜவுளி மாளிகை. பட்டு, பருத்தி, கம்பளி. காலைல நீங்க கிளம்பினதுமே ஏணி போட்டு மாட்டியும் ஆச்சு. தெருவே நின்னு பார்க்குது."

"தம்பி..."

"அதை விடுங்கண்ணே, போணி நல்லா வரும் போல. யாரோ ஒருத்தர் வண்டியை நிறுத்திக் கம்பளி இருக்கான்னு கேட்டாரு. ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட வாங்க, முதலாளி கடையிலதான் இருப்பாருன்னு சொல்லிட்டேன்."